பளிச்சக்காவின் வெள்ளைப் பக்கங்கள்

நாத்தனாரைப் பற்றி நாலு வார்த்தை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் அம்மா போனிலேயே சிரித்துவிட்டாள். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று வேறு கேட்டாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நாலும் நல்ல வார்த்தையாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்யவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் கணவரின் அக்கா ஒரு சலவைக்கடையில் வேலை பார்க்கிறாள். துவைக்க அங்கே மெஷின் இருக்கிறது, தேய்க்கத் தனியாக ஆள் இருக்கிறார்கள். இவள் வேலை கறை எடுப்பது. மை, துரு, எண்ணெய், ரத்தம் என்று எந்தக் கறையோடு எந்தத் துணி வந்தாலும் மேஜையில் விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முதலில் எதைத் தொட்டுத் துடைப்பது, எதைத் தொடவே கூடாது என்று முடிவு செய்வாள். துணியைத் திருப்பிக் கொடுக்கும்போது "பளிச்னு இருக்கா பாருங்க" என்பாள். இருக்கும். அதனால் வாடிக்கையாளர்களுக்கு அவள் பளிச்சக்கா. கடைக்காரருக்கும் அதே பெயர்தான் வாயில் வரும்.

கீழ்வீட்டில் அவள் குடும்பம், மாடியில் நாங்கள். கொடியில் நான் காயப்போடும் துணி அவள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அதுதான் என் தலைவிதி. "ஏம்மா, இதைத் துவைச்சியா, இல்ல நனைச்சு மட்டும் போட்டியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். சுத்தம் சோறு போடும் என்பது ஊருக்கெல்லாம் பழமொழி, அவளுக்கு மட்டும் அது நிஜமாகவே சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதனால் நானும் வாயை மூடிக்கொள்வேன்.

அவளுக்கு ஒரே பெண். குட்டி என்று கூப்பிடுவோம். குட்டியின் அப்பா நெடுந்தூர லாரி ஓட்டுகிறார். விருந்தாளி மாதிரி வருவார், கிளம்பும்போது குழந்தை மாதிரி அழுவார். அவர் அழுவதற்குக் காரணம் இருக்கிறது. குட்டிக்கு வலிப்பு நோய். மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தும் முழுக்க நிற்கவில்லை.

ஆரம்பத்தில் எங்கள் டாக்டர், "எப்ப வந்தாலும் எழுதி வைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். போகிற போக்கில் சொன்னதுதான். இவள் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது, படுக்கை நனைந்ததா, எவ்வளவு நேரம் கழித்து அம்மா என்று கூப்பிட்டாள், எல்லாம் எழுதுவாள். நோட்டு கையில் இல்லாத இடத்தில் வந்தால் கடையின் பில் சீட்டைத் திருப்பி அதன் முதுகில் எழுதுவாள். பகலில் பேனா, இரவில் பென்சில். இரவில் குட்டியின் தலை அவளுடைய இடது கையில் இருக்கும். கையை உருவினால் குட்டி பயந்து விழித்துக்கொள்வாள். அதனால் மல்லாந்து படுத்தபடியே நோட்டை மேலே தூக்கிப் பிடித்து எழுத வேண்டும். பேனாவைத் தலைகீழாகப் பிடித்து எழுதிப் பாருங்கள், இரண்டு வரியில் மை நின்றுவிடும். பென்சில் நிற்காது.

இப்படி வருஷக்கணக்கில் எழுதியதற்கு ஒருநாள் வேளை வந்தது. வேறொரு நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனை, அங்கே இந்த நோய்க்குத் தலையில் அறுவை சிகிச்சை செய்கிறார்கள், எல்லோருக்கும் செய்ய மாட்டார்கள், டாக்டர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்து யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்வார்கள் என்று எங்கள் டாக்டர் சொன்னார். "மத்த ரிப்போர்ட்டெல்லாம் நான் அனுப்பறேன். ஆனா வீட்ல நீங்க எழுதி வெச்சிருக்கறதை நீங்கதான் ஸ்கேன் பண்ணி அனுப்பணும். அவங்க முக்கியமா பாக்கறது அதைத்தான்."

என் நாத்தனார் அன்றைக்கே சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில், போனில் படபடவென்று படம் எடுத்து அனுப்பிவிட்டாள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் அவள் தலை நிழலாக உட்கார்ந்திருந்தது. நோட்டின் ஓரங்கள் வளைந்து பாதி வரி உள்ளே போயிருந்தது. மறுநாளே பதில் வந்தது: "படிக்க இயலவில்லை. தெளிவாக ஸ்கேன் செய்து மீண்டும் அனுப்பவும்."

கடைக்கு ஒரு துணி "சரியாப் போகலை" என்று திரும்பி வந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு வரி பதிலை அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

"ஜெராக்ஸ் கடையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல பண்ணிக் குடுத்துடுவாங்கக்கா" என்றார் என் கணவர்.

"எம்பொண்ணு படுக்கையை நனைச்சதையெல்லாம் கடைக்காரன் படிக்கணுமா? அவ ஸ்கூல் பசங்க பாதி பேரு அங்கதான் நிக்குதுங்க. நாளைக்கு இவ எப்படிடா வகுப்புக்குப் போவா?"

வீட்டிலேயே செய்வது என்று முடிவாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்வீடு ஒரு பட்டறையாக மாறியது. முதலில் பக்கங்களின் சுருக்கம் போக வேண்டுமாம். இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள். நோட்டுத் தாளின் மேல் மெல்லிய துணி போட்டு, குறைந்த சூட்டில் மெதுவாக ஓட்டினாள். தாள் படிந்து வந்தது. அந்த உற்சாகத்தில் ஒரு பில் சீட்டையும் வைத்து ஓட்டினாள். துணியை எடுத்துப் பார்த்தால் சீட்டு முழுக்கக் கறுப்பு. பில் காகிதம் சூடு பட்டால் கறுத்துப் போகும் என்பது இத்தனை காலம் பில் கிழித்தவளுக்குத் தோன்றவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நான் வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்து முழுங்கிவிட்டேன். "பஸ்ஸுல வலிப்பு வந்தப்ப எழுதினது" என்று சொல்லி அந்தக் கறுப்புச் சீட்டை நோட்டின் கடைசிப் பக்கத்தில் செருகி வைத்தாள். மற்றச் சீட்டுகள் சுருக்கம் போக அரிசி டப்பாவின் அடியில் போயின.

பிறகு வெளிச்சம். டியூப்லைட்டை அணைத்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில், வெயில் நேராக விழாமல் இருக்க ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினாள். இரண்டு ஸ்டூலுக்கு நடுவே இரண்டு நீள ஸ்கேலைப் பாலம் மாதிரி போட்டு, அதன் மேல் போனைத் திரை மேலே தெரியப் படுக்க வைத்தாள். கேமரா மட்டும் நடு இடைவெளியில் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. தாள் தரையில். கையும் ஆடாது, தலை நிழலும் விழாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் தானே கண்டுபிடித்தாள். இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தாளின் மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் நிழலாடியது. "அடியில கறுப்பா ஏதாவது போட்டா பின்னாடி இருக்கறது தெரியாது" என்று சொல்லிக்கொண்டே மாடிக்கு வந்து என் கறுப்புச் சால்வையை உருவிக்கொண்டு போனாள். கேட்டு வாங்கவில்லை. போதாக்குறைக்கு அதை வெளிச்சத்தில் விரித்து, "இதென்ன கறை? எண்ணெயா?" என்று ஒரு விசாரணை வேறு.

போனில் இருந்த ஸ்கேன் செயலி மூன்று விதம் காட்டியது. கலர், சாம்பல், கறுப்பு வெள்ளை. கலரில் தாளின் மஞ்சளும் டீ சிந்திய வளையமும் அப்படியே தெரிந்தன. சாம்பலில் எல்லாமே மங்கல். கறுப்பு வெள்ளையைத் தொட்டாளோ இல்லையோ, மஞ்சள் போயிற்று, டீ வளையம் போயிற்று, மடிப்புக் கோடு போயிற்று. பாலாய் வெளுத்த தாளில் கருகருவென்று எழுத்து.

"பாத்தியா! வெளுத்து, கஞ்சி போட்டு, பெட்டி போட்ட மாதிரி இருக்கு!"

இருந்தது. நாங்கள் எல்லோரும் போனைச் சுற்றிக் கூடி நின்று பார்த்தோம். குட்டி கைதட்டினாள். "அம்மா, பேசாம நீ ஆபீஸ் வெச்சிடு" என்றாள். அன்று சாயங்காலம்வரை பக்கம் பக்கமாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எங்கேயாவது ஒரு புள்ளி அழுக்கு தென்பட்டால் மறுபடி எடுத்தாள். அனுப்பி முடித்துவிட்டு என் சால்வையை மடித்துக் கொடுத்தபோது எண்ணெய்க் கறை போயிருந்தது. அதை எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

பதில் வரச் சில வாரங்கள் ஆயின. வந்ததும் படியேறி ஓடி வந்து போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "முதல் வரியைப் படி." படித்தேன். "ஆவணங்கள் மிகத் தெளிவாக உள்ளன. நன்றி." அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் கீழே படித்துக்கொண்டே போனேன். பகல் நேர வலிப்பு மருந்தால் குறைந்து வருகிறது. இரவு நேர வலிப்பு எதுவும் பதிவாகவில்லை. தற்போது அறுவை சிகிச்சைக்கான பரிசீலனை தேவையில்லை.

அவளிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன். வாய்விட்டுப் படிக்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் எங்கள் டாக்டரிடம் அவளோடு நானும் போனேன். அவர் கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நீங்க அனுப்பினதைத்தான்மா அவங்க பாத்திருக்காங்க. ராத்திரி வந்ததா இதுல எங்கயுமே இல்லையே?"

"வருது டாக்டர். பகல்ல வர்றதைவிட ராத்திரிதான் அதிகம். நான் பக்கத்துலதான படுத்திருக்கேன்."

"நீங்க சொல்றதும் எழுதினதும் ஒத்துப்போகணும் இல்லையா? தூக்கம் இல்லாம இருக்கற அம்மாக்களுக்கு சில சமயம், பிள்ளை சும்மா புரண்டு படுத்தாக்கூட..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கறை போகவில்லை என்று சண்டைக்கு வருகிறவனை நாலே வார்த்தையில் வாயடைக்க வைப்பவள், அங்கே வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் நாத்தனாரை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். அடுத்தவர் சொன்னால் பொறுக்காது. "அவங்க பொய் சொல்றவங்க இல்ல டாக்டர்" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். "பொய்னு நான் சொல்லலையே" என்றார் அவர். மனிதர் நல்லவர்தான். அவர் முன்னால் இருந்த காகிதம் அப்படி.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். "நான் எழுதவே இல்லையோ?" என்றாள்.

"என்னக்கா பேசறீங்க?"

"எழுதறதா நெனச்சுக்கிட்டே தூங்கிப் போயிருப்பேனோ? அசதியில அப்படி ஆகும்ல?"

அவள் குரலில் இருந்த பயத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பெண்ணுக்கு வலிப்பு வரும்போதுகூட அவள் குரல் நடுங்காது. தன் கண்ணையே நம்ப முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த மருத்துவமனைமேல், டாக்டர்மேல், கடவுள்மேல் எல்லாம் எனக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நோட்டை எடுத்தாள். பிரித்தாள். இருந்தது. கோணல் மாணலாக, வரிமேல் வரி ஏறி, மங்கலான பென்சிலில் எல்லாம் இருந்தது. "இருக்கு, இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு போனைத் திறந்து அதே பக்கத்தைப் பக்கத்தில் வைத்தாள். பேனாவில் எழுதிய இரண்டு வரி. அதற்குக் கீழே வெள்ளை. மறுபடி பேனாவில் ஒரு வரி. மறுபடி வெள்ளை.

நோட்டில் ஒரு பக்கம், போனில் ஒரு பக்கம் என்று திருப்பிக்கொண்டே போனாள். டீ வளையத்தையும் மடிப்பையும் துடைத்த அதே கறுப்பு வெள்ளை, மங்கலாக இருந்த பென்சிலையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருந்தது. குட்டியின் இரவுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "கறைன்னு எடுத்துடுச்சு" என்றாள். "நானும் ஒவ்வொரு பக்கமா பாத்தேனே. கறை போயிடுச்சான்னுதான பாத்தேன். எழுத்து இருக்கான்னு பாக்கலையே." அதற்குப் பிறகு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. செருப்பை மட்டும் அவள் காலிலிருந்து கழற்றிவிட்டேன்.

மறுபடி ஸ்டூல், மறுபடி ஸ்கேல், மறுபடி என் சால்வை. இந்தத் தடவை கலர். பென்சிலில் இன்னொரு தொல்லை இருந்தது. நேர் வெளிச்சத்தில் அது மினுங்கி, படத்தில் எழுத்து மறைந்து போனது. தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தபோதுதான் எழுத்து எழுந்து நின்றது. எழுத்தோடு சேர்ந்து மஞ்சள், மடிப்பு, டீ, விரல் ரேகை, குட்டியின் வாயோரத்து எச்சில் பட்டு உப்பிய இடம் எல்லாம் எழுந்து நின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. அப்படியும் சில வரிகள் மங்கல்தான்.

"அக்கா, பென்சில் மேலயே பேனாவால ஓட்டிடு. எழுத்து உன்னுதுதான?" என்றார் என் கணவர். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான்.

அவள் தலையை நிமிர்த்தினாள். "டேய், கிழிஞ்ச எடத்தைத் தைக்கலாம். இல்லாத எடத்துல நெய்யக் கூடாது. இது அரைக்கண்ணை மூடிக்கிட்டு எழுதினது. இதுமேல இன்னைக்கு உக்காந்து எழுதினா, எழுத்து அழகா வரும். அப்புறம் நான் இன்னைக்கு எழுதினதுன்னுதான் ஆகும். ஏற்கெனவே ஒருத்தர் என்னை நம்பலை."

ஒரு பக்கத்தில் எழுத்து பாதியில் நின்று, ஒரு நீளக் கோடு மட்டும் தாளின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது. "இது வெறும் கிறுக்கல், இதை விட்டுடலாம்" என்றார் அவர். "அதுவும் போகட்டும்" என்றாள்.

எல்லாம் எடுத்தாயிற்று. முன்பு அனுப்பியதில் பென்சில் எழுத்து விடுபட்டுப்போனது, இதுதான் முழுசு என்று ஒரு வரி எழுதினாள். அனுப்பும் பொத்தானுக்கு மேலே அவள் விரல் நின்றுகொண்டே இருந்தது. "இவ்வளவு அழுக்கை எப்படிம்மா ஒருத்தர் கையில குடுக்கறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் கடைக்குப் போனாள், வந்தாள். என் கொடியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் திட்டாதது எனக்கே என்னவோபோல் இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே ஒரு சட்டையைச் சரியாக அலசாமல் காயப்போட்டேன். அதற்கும் ஒரு வார்த்தை இல்லை.

அந்த அழைப்பு வந்தது ஒரு விடுமுறை நாள் மதியம். அவள் வாளியில் குட்டியின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். கை முழுக்க நுரை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். அந்தக் குழுவில் உள்ள டாக்டர் அம்மா பேசினார்.

"முதல்ல அனுப்பினதுல இந்தப் பென்சில் எழுத்து எதுவுமே இல்லையே?"

"கறுப்பு வெள்ளையில போட்டுட்டேன் டாக்டர். அழகா இருந்துச்சு. பென்சில் போனது தெரியலை."

"பென்சில்ல ஏன் எழுதினீங்க?"

"எம்பொண்ணு என் கைமேல படுத்திருப்பா டாக்டர். மல்லாந்துக்கிட்டு எழுதணும். பேனா எழுதாது."

அந்தப் பக்கம் தாள் நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"ஒரு பக்கத்துல எழுத்து நின்னு போய், ஒரு கோடு மட்டும் ஓரம்வரைக்கும் போகுது. அது ஸ்கேன்ல வந்த கோளாறா?"

"இல்ல டாக்டர்." அவள் நுரைக் கையை அப்படியே அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு வந்து முடிஞ்சுது. அதை எழுதிக்கிட்டிருந்தேன். முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுச்சு. கை ஆடிடுச்சு."

"ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருக்கும்?"

"நாலு வரி எழுதற நேரம் டாக்டர். நாலாவது வரியிலதான் இழுத்துச்சு."

"குழந்தையைக் கூட்டிட்டு வாங்கம்மா. இந்த வாரமே வாங்க. அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர் அம்மா.

அவள் குதிக்கவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "தலையைத் திறப்பாங்கல்ல?" என்றாள். இதற்காகத்தான் இவ்வளவு பாடும். கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்ட பிறகுதான் அந்தப் பயம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. "பாத்துட்டுத்தான சொல்லுவாங்க" என்றேன். எனக்கே அது ஒப்பவில்லை.

கிளம்புகிற அன்று பெட்டி கட்ட நான் கீழே போனேன். குட்டி என் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு லாரிக்கார அப்பாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சால்வை இனி திரும்பி வராது, நானும் கேட்கப் போவதில்லை. நோட்டு மேஜைமேல் இருந்தது. அட்டையில் பென்சில் கரி படிந்து விரல் தடங்களாக இருந்தது. இவ்வளவு பெரிய இடத்துக்குப் போகிறதே என்று, அவளிடம் திட்டு வாங்கி வாங்கி வந்த பழக்கத்தில், ஈரத் துணியை எடுத்து அட்டையைத் துடைக்கப் போனேன்.

அவள் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"துடைக்காதம்மா" என்றாள் பளிச்சக்கா. "அப்படியே வை."